ஐடிக்கு மாற 70,800 கட்டி கோர்ஸ் சேரலாமா? பி.காம்., ஆறு வருடக் கணக்கு வேலை, கும்பகோணம்

குடந்தை_பேரேடு கேட்கிறார்:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயது 29. பி.காம்., 2017-ல் முடித்தது, 64 சதவீதம், அரியர் இல்லை. கும்பகோணம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஆறு வருடமாகக் கணக்கு. டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், எக்செல் எல்லாம் தினசரி வேலை. சம்பளம் 19,000.

சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் டேட்டா அனலிட்டிக்ஸ் (தகவல்களை அலசி ரிப்போர்ட் எடுக்கும் வேலை) கோர்ஸ். 3 மாதம், சனி ஞாயிறு ஆன்லைன், நாளுக்கு 3 மணி நேரம். கட்டணம் 60,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 70,800. மாதம் 5,900 வீதம் 12 மாதம் வட்டியில்லா இஎம்ஐ. ‘100 சதவீத பிளேஸ்மென்ட் உதவி’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் 5,000 தள்ளுபடியாம்.

இப்படிக் காசு கட்டிப் படித்து வேறு துறையிலிருந்து வருகிறவர்களை கம்பெனிகள் எடுக்கின்றனவா? அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? வேலையை விட்டுவிட்டு சென்னையில் தங்கிப் படிப்பது மேலா, இங்கிருந்தே படிப்பது மேலா?

வெண்ணாறு:

சான்றிதழுக்கு மதிப்பு இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தரும் காகிதத்தை வைத்து யாரும் யாரையும் எடுப்பதில்லை. நேர்காணலில் ஒரு டேபிளை, அதாவது தகவல் அட்டவணையைக் கொடுத்து ‘இதில் இதை எடுத்துக் காட்டுங்கள்’ என்பார்கள். எடுக்கத் தெரிந்தால் அடுத்த சுற்று, தெரியாவிட்டால் வீட்டுக்கு.

கோர்ஸ் உண்மையில் விற்பது இரண்டு பொருள்தான். ஒன்று, கால அட்டவணை. இரண்டு, நீங்கள் செய்ததைப் பார்த்து ‘இங்கே தப்பு’ என்று சொல்ல ஒரு ஆள். பாடம் எல்லாமே வெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் டேட்டாபேஸ் பாடம் முழுவதையும் காசில்லாமல் பார்க்கலாம், தேர்வு எழுதத்தான் 1,000 ரூபாய். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் இலவச டேட்டாபேஸ் மென்பொருள். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் இதற்குத் தாராளம். பெரிய லேப்டாப் வாங்கச் சொன்னால் இப்போது வேண்டாம்.

மணிக்கணக்கையும் பாருங்கள். 12 வாரம், வாரம் 6 மணி நேரம் என்றால் வகுப்பு 72 மணி நேரம். ஒரு மணி நேர வகுப்புக்குக் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் கையால் போட்டுப் பார்த்தால்தான் எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி, விரலுக்கு வரும். ஆக 300 மணி நேரம் என்று வையுங்கள். தினம் 2 மணி நேரம், வாரம் ஆறு நாள் உட்கார்ந்தால் 25 வாரம். மூன்று மாதத்தில் முடிவது அவர்கள் நடத்தும் பாடம், உங்கள் பயிற்சி அல்ல. பலர் இடையில் நின்றுபோவது இந்தக் கணக்கு முன்னாலேயே தெரியாததால்தான்.

அதனால் காசு கட்டும் முன் 8 வாரம் எஸ்க்யூஎல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் வேண்டாம், மெஷின் லேர்னிங் வேண்டவே வேண்டாம். அதுவும் யாரோ கொடுத்த அமெரிக்கக் கடை விற்பனை டேட்டாவை வைத்து அல்ல. உங்கள் ஆலையில் கையில் புரளும் விஷயத்தையே எடுங்கள். நெல் வரவு ஒரு டேபிள்: தேதி, லாரி எண், வியாபாரி, மூட்டை, எடை, ஈரப்பதம். பணப் பட்டுவாடா இன்னொரு டேபிள்: எந்த லோடுக்கு, எந்தத் தேதி, எவ்வளவு. பெயர், தொகையை எல்லாம் மாற்றிவிட்டுச் செய்யுங்கள், முதலாளியின் கணக்கை அப்படியே வெளியே கொண்டுபோகக் கூடாது.

இப்போது கேள்வி: ஜனவரியில் பணம் போகாத லோடு எவை? வரவு டேபிளை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் போட்டு, அதாவது இடப்பக்க வரிகள் ஒன்றும் விடுபடாமல் இரண்டு டேபிளையும் கோத்து, பட்டுவாடா பக்கம் காலியாக, அதாவது ‘நல்’ (NULL) மதிப்பாக நிற்கும் வரிகளை எடுக்க வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். ‘பட்டுவாடா தேதி ஜனவரி’ என்ற நிபந்தனையை, கோத்த பிறகு வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் எழுதிவிடுவார்கள். பணம் போகாத லோடுக்குப் பட்டுவாடா தேதியே கிடையாது, அதனால் அந்த வரிகள் அத்தனையும் வடிந்து போய்விடும். தேடியது எதுவோ அதுவே காணாமல் போகும். அந்த நிபந்தனை, எதை எதோடு கோப்பது என்று சொல்லும் ‘ஆன்’ (ON) பகுதியில் இருக்க வேண்டும்.

இன்னொரு தப்பு இதைவிட மோசம், ஏனென்றால் எர்ரர் எதுவும் வராது. 200 மூட்டை லோடு ஒன்றுக்கு இரண்டு தவணையாகப் பணம் போயிருந்தால், கோத்த பிறகு அந்த லோடு இரண்டு வரியாக நிற்கும். அப்படியே மூட்டையைக் கூட்டினால் 400. பட்டுவாடாவை முதலில் லோடு வாரியாகக் கூட்டி ஒரு வரியாக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கோக்க வேண்டும். இந்த இடத்தில் கல்லூரி முடித்து நேராக வருகிற பையன் 400-ஐ அப்படியே ரிப்போர்ட்டில் போட்டுவிடுவான். ஆறு வருடம் இருப்பு சரிபார்த்தவருக்கு அந்த எண் கண்ணில் உறுத்தும். உங்களிடம் இருக்கும் மூலதனம் அதுதான், அதை எந்தக் கோர்ஸும் தராது.

8 வாரம் இப்படி ஓட்டிய பிறகும் உட்காரப் பிடிக்கிறது, ஆனால் சில இடத்தில் சிக்குகிறது என்றால் அப்போது காசு கொடுத்து ஆள் பிடிப்பதில் அர்த்தம் உண்டு. மூன்றாவது வாரமே கைவிட்டுவிட்டால் 70,800 மிச்சம்.

தஞ்சை_டெஸ்டர்:

வெண்ணாறு சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ‘எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது’ என்பதோடு விட்டால் பாதி உண்மைதான். ஆலைக் கணக்கு முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் தனியாக 25 வாரம் ஓட்டுவது சாதாரணமில்லை. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேறு. தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் ஆலையில் மூச்சுவிட நேரமிருக்காது, அதன்பின்னாலேயே மார்ச் கணக்கு முடிப்பு. கேட்பதற்கு ஆள் இருந்தால் நின்றுபோகாமல் தொடர முடிகிறது. நல்ல பயிற்சியாளருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. நல்லவரா என்பதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

டெமோ வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெமோவுக்கு வருகிறவர் வேறு, பாடம் நடத்துகிறவர் வேறாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பேட்சில் ஐந்தாவது ஆறாவது வார வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். அங்கே கவனிக்க வேண்டியது பாடத்தை அல்ல. எத்தனை பேர் கேமரா போட்டிருக்கிறார்கள், யாராவது கேள்வி கேட்கிறார்களா, போன வாரம் கொடுத்த வேலையைத் திருத்தித் தருகிறார்களா என்பதை. ஒரு பேட்சில் 25 பேருக்கு மேல் இருந்தால் யாருடைய வேலையையும் யாரும் திருத்த முடியாது. அது யூடியூப் வீடியோவுக்குச் சமம்.

‘எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கடைசி இரண்டு பேட்சைப் பிடித்துக் கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன பதவி, அதில் வேறு துறையிலிருந்து வந்தவர்கள் யார். சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோவில் இருப்பவர் ஏற்கெனவே பி.இ. கணினி படித்தவராக இருப்பார், அவருக்குக் கிடைத்தது உங்களுக்கு அளவுகோல் ஆகாது. மையம் கொடுக்கும் நம்பரைக் கூப்பிட வேண்டாம். லிங்க்ட்இன்-இல் மையத்தின் பெயரைப் போட்டுத் தேடி நீங்களாக மூன்று பேரைக் கண்டுபிடித்துக் கேளுங்கள்.

‘பிளேஸ்மென்ட் உதவி’ என்பதில் ‘உதவி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்து இடத்துக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டால் அந்தச் சொல் நிறைவேறிவிட்டது.

இன்னொன்று, டெஸ்டிங்கையும், அதாவது மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையையும் யோசியுங்கள். கணக்கு பார்த்த கண்ணுக்கு அது இயல்பாக வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பதியும் ஒரு திரையைச் சோதிக்கச் சொன்னால் 15-ம் 20-ம் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. தப்பு ஒளிந்திருப்பது ஓரத்தில். 16.9, 17.0, 17.1 மூன்றும் போட வேண்டும், ‘17-க்குக் குறைவு’ என்று எழுதியிருக்கிறார்களா, ‘17 வரை’ என்று எழுதியிருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு 0, மைனஸ் 1, 101, வெற்றிடம், எண்ணுக்குப் பின்னால் சதவீதக் குறி. இதை முறையாகப் படிக்க ஐஎஸ்டிக்யூபி என்ற சர்வதேச டெஸ்டிங் சான்றிதழ் அமைப்பின் அடிப்படைப் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. தேர்வில் 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தேர்வு மொழி உங்கள் தாய்மொழி இல்லை என்றால் கூடுதலாக 15 நிமிடம் கேட்டு வாங்கலாம், தமிழ் மீடியம் ஆட்கள் இதைத் தவறாமல் கேளுங்கள். இது பயிற்சி மையம் தரும் காகிதம் போல் அல்ல, வெளியில் செல்லும். ஆனால் இதுவும் வேலையை வாங்கித் தராது, பயோடேட்டாவைத் திறந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். கூடவே எஸ்க்யூஎல், போஸ்ட்மேன் என்ற கருவியில் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) சோதனை இரண்டும் வேண்டும்.

வேலையை விடாதீர்கள். சென்னையில் விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் மாதம் பத்தாயிரத்தைத் தொடும், வருமானம் நின்றுவிடும். கையில் காசு கரையக் கரைய, வந்த முதல் வேலைக்குத் தலையாட்டும் நிலை வந்துவிடும். ஆன்லைன் வகுப்புக்கு வேளச்சேரியில் போய்த் தங்க என்ன தேவை இருக்கிறது?

அரசலாறு:

பாடத்தைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த விஷயத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் பாடத்தில் மாட்டுவதில்லை, கையெழுத்தில் மாட்டுகிறார்கள்.

‘வட்டியில்லா இஎம்ஐ’ என்பது பெரும்பாலும் மையத்துக்குத் தவணையாகக் கட்டுவது அல்ல. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கடன் போடுகிறது. மொத்தத் தொகையும் முதல் வாரமே மையத்தின் கணக்குக்குப் போய்விடும். மூன்றாவது மாதம் வகுப்பு பிடிக்கவில்லை, பயிற்சியாளர் மாறிவிட்டார், மையமே மூடிவிட்டது, எதுவானாலும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 5,900 போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தினால் தவணை திரும்பியதற்கு அபராதம், அதோடு கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது இது வந்து நிற்கும். முடிந்தால் மையத்துக்கே மாதாமாதம் நேரடியாகக் கட்டும்படி கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத மையம், மூன்றாவது மாதமும் நீங்கள் இருப்பீர்கள் என்று தானே நம்பவில்லை என்று பொருள்.

டிஜிட்டல் கடன் என்றால் கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஆண்டு வட்டி வீதம், பிராசஸிங் கட்டணம், அபராதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கடன் போட்ட பிறகும் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் வெளியேற ஒரு கால அவகாசம் உண்டு, குறைந்தது ஒரு நாள். எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

‘வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்’ என்கிற மையங்களும் இருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். அங்கே தேதி போடாத காசோலை, புரோநோட்டு, ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்பார்கள். மூன்றையுமே கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு. ‘வேலை’ என்பதற்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள் எழுதியிருக்கிறார்கள் என்றும் படியுங்கள். எந்தச் சம்பளமானாலும், எந்த ஊரானாலும், கால் சென்டரானாலும் வேலைதான் என்று எழுதியிருந்தால், நீங்கள் மறுத்தாலும் கட்டணம் கட்டியாக வேண்டும்.

பணம் திரும்பும் விதி வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. பேசியதை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக எழுதி ‘இன்று தாங்கள் சொன்னபடி’ என்று அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். நோட்டீஸையும் போட்டோ எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒரு வாரத் தள்ளுபடி பற்றி: அடுத்த வாரம் கூப்பிட்டுப் பாருங்கள், அப்போதும் இருக்கும்.

குடந்தை_பேரேடு:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு விஷயம். மையத்தில் ஆள் சேர்க்கும் கவுன்சிலர் இன்று போனில், ‘ஃப்ரெஷராகப் போனால் எடுக்க மாட்டார்கள், டேட்டா அனலிஸ்ட் என்று இரண்டு வருட அனுபவம் நாங்களே ரெடி செய்து தருகிறோம், தனியாக 25,000’ என்கிறார். எல்லோரும் இப்படித்தான் போகிறார்களாம். இது பரவாயில்லையா?

இரண்டாவது, போன வாரமே 2,000 பதிவுக் கட்டணம் ஜிபே செய்துவிட்டேன். ஆதார், பான் இரண்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு ஓடிபி-யும் சொன்னேன்.

மன்னை_ஓஎம்ஆர்:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஆள் எடுக்கும் பக்கத்தில் இது எப்படிப் பிடிபடுகிறது என்று தெரிந்தால் நீங்களே தொட மாட்டீர்கள்.

ஆஃபர் கொடுத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு தனி நிறுவனத்திடம் போகும். அவர்கள் முதலில் கேட்பது யுஏஎன், அதாவது வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண். பிஎஃப் சேவை வரலாற்றில் எந்த நிறுவனம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பணம் கட்டியது என்று வரிசையாக இருக்கும். அதற்குப் பிறகு சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரி பிடித்ததைக் காட்டும் ஃபார்ம் 16, 26ஏஎஸ். கடிதம் அச்சடித்துத் தரலாம், இரண்டு வருடத்துக்கு முந்தைய மாதச் சம்பளத்தை உங்கள் வங்கிக் கணக்கில் இன்று ஏற்ற முடியாது. சில பேர் முதல் சுற்றில் தப்பி வேலையில் சேர்ந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மறு சரிபார்ப்பில் சிக்கி அன்றே வெளியேற்றப்படுவார்கள். அனுபவக் கடிதம் கிடைக்காது, அந்த ஆறு மாதமும் பயோடேட்டாவில் காட்ட முடியாத ஓட்டை ஆகிவிடும். உங்களுக்கு இதில் இன்னொரு கேடும் இருக்கிறது: அந்த இரண்டு வருடம் நீங்கள் ஆலையில் உண்மையாக வேலை பார்த்த வருடம். பொய்யை வைக்க வேண்டுமானால் அந்த உண்மையை அழிக்க வேண்டும்.

அழிக்கக் கூடாது, அதை முன்னால் வைக்க வேண்டும். 2017-ல் முடித்தவரைப் பெரிய கம்பெனிகளின் ஃப்ரெஷர் தேர்வில் எடுக்க மாட்டார்கள் என்று கவுன்சிலர் சொன்னது உண்மைதான், அது அந்தந்த வருடம் முடிப்பவர்களுக்கானது. உங்களுக்கான வாசல் வேறு. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் கணக்கு வேலையைச் சென்னையில் வைத்துச் செய்கின்றன: வெண்டர் பில் சரிபார்ப்பு, பாக்கி வசூல், மாதக் கணக்கு முடிப்பு. அங்கே கணக்கு தெரிந்த ஆள் வேண்டும், அதில் எஸ்க்யூஎல்-உம் பவர் பிஐ-யும் (தகவலை வரைபட ரிப்போர்ட்டாக்கும் மென்பொருள்) தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. வேலை தேடும் தளங்களில் ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று மட்டும் தேடாமல் ‘எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ்’ (நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிப்பவர்), ‘ஃபைனான்ஸ் ரிப்போர்ட்டிங்’, ‘ரெக்கன்சிலியேஷன்’ (கணக்கு ஒப்பிட்டுச் சரிபார்ப்பு) என்று தேடுங்கள். உள்ளே போன பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் ரிப்போர்ட்டிங் பக்கம், அங்கிருந்து டேட்டா பக்கம் நகரலாம். நேரே குதிப்பதைவிட நீளமான வழி, ஆனால் பொய்யில்லாமல் நடக்கக்கூடிய வழி. திருச்சி நவல்பட்டு எல்காட் ஐடி பூங்காவையும், 2024-ல் தஞ்சாவூரில் திறந்த மினி டைடல் ஐடி பூங்காவையும் பார்வையில் வைத்திருங்கள்.

பயோடேட்டாவில் ‘டேலியில் கணக்கு பார்த்தேன்’ என்று ஒரு வரி எழுதி முடிக்காதீர்கள். மாதம் எத்தனை பில், எத்தனை வியாபாரிக் கணக்கு, ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலோடு கொள்முதலை ஒப்பிட்டு உள்ளீட்டு வரியை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். ஆலையில் பிஎஃப் பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சம்பளம் வங்கியில் ஏறிய ஸ்டேட்மென்டும் முதலாளி லெட்டர்ஹெட்டில் கொடுக்கும் சான்றும் போதும். கையில் ரொக்கமாக வாங்குகிறீர்கள் என்றால் இந்த மாதத்திலிருந்தே வங்கியில் போடச் சொல்லுங்கள்.

பவர் பிஐ பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் நிறைய பேர் நிற்கிறார்கள். டெஸ்க்டாப் பதிப்பு இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். செய்ததை இணையத்தில் ஏற்ற ஜிமெயில் முகவரியை ஏற்காது, அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல் கேட்கும். அதற்காக நின்றுவிட வேண்டாம். ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக எடுத்து, மூன்று நிமிடம் திரையைப் பதிவுசெய்து, எஸ்க்யூஎல் கோப்புகளோடு கிட்ஹப் என்ற தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

அரசலாறு:

ஓடிபி சொன்னீர்கள் என்றால் இன்றே இதைச் செய்யுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம்.

போனில் அந்த ஓடிபி குறுஞ்செய்தியைத் திரும்பத் திறந்து முழுவதும் படியுங்கள். எதற்கான ஓடிபி, எந்த நிறுவனம் அனுப்பியது என்று அதிலேயே இருக்கும். நிதி நிறுவனத்தின் பெயரோ ‘லோன் அக்ரிமெண்ட்’, ‘இ-சைன்’, ‘மாண்டேட்’ என்ற சொல்லோ இருந்தால் கடன் போடப்பட்டிருக்கலாம். மின்னஞ்சலில் ஸ்பாம் பகுதியையும் பாருங்கள், ஒப்பந்தத்தின் நகல் அங்கே கிடக்கும். அடுத்து யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும், வங்கி ஆப்பில் மாண்டேட் பட்டியலையும், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதிகளையும் பாருங்கள்.

கடன் இருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இன்றைய தேதியிலேயே ‘அவகாசக் காலத்தில் வெளியேறுகிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள், நகல் மையத்துக்கு. அவகாசம் முடிந்திருந்தாலும் அனுப்புங்கள்: வகுப்பு தொடங்கவில்லை, எந்தச் சேவையும் பெறவில்லை, தொகையை நிதி நிறுவனத்துக்கே திருப்புங்கள் என்று மையத்துக்குத் தனியாக எழுதுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் எழுதுவதும் பின் எழுதுவதும் ஒன்றல்ல, ஆன்லைன் வகுப்பில் ஒருநாள் உள்ளே நுழைந்தாலும் ‘சேவை தொடங்கிவிட்டது’ என்பார்கள். அதனால் லிங்க் வந்தாலும் திறக்காதீர்கள்.

மாண்டேட்டை மட்டும் ரத்து செய்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கடன் அப்படியே நிற்கும், தவணை தவறியதாகத்தான் பதிவாகும்.

எதுவும் கண்ணில் படாவிட்டாலும், ஒரு மாதம் கழித்து சிபில் தளத்தில் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தரும் முழு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் உங்களுக்குத் தெரியாத கடன் எதுவும் இல்லை என்றால் போனது 2,000 மட்டும்.

குடந்தை_பேரேடு:

பார்த்துவிட்டேன். ஓடிபி ‘கேஒய்சி சரிபார்ப்பு’ என்று நிதி நிறுவனத்திடமிருந்து வந்திருக்கிறது. ஒப்பந்தம் எதுவும் மின்னஞ்சலில் இல்லை, மாண்டேட்டும் இல்லை. நீங்கள் சொன்னபடி இருவருக்கும் இப்போதே எழுதி அனுப்புகிறேன். சனிக்கிழமை போஸ்ட்கிரெஸ் ஏற்றிவிட்டு லோடு டேபிளில் ஆரம்பிக்கிறேன்.